கிழக்கே சூலமும் என் கம்பளிக் கோட்டும்

ஜெர்மன் சண்டை வருவதற்கு நாலைந்து வருஷம் முந்தி, ஒரு தை மாதத்தில் நான் ஜப்பானுக்குக் கப்பலேறினேன். உத்தியோகத்துக்கும் இல்லை, வியாபாரத்துக்கும் இல்லை. சும்மா ஊர் பார்த்துவிட்டு வர. கொழும்பில் கடை வைத்திருந்த என் மைத்துனர் இரண்டு சீட்டு எடுத்து வைத்துக்கொண்டு எனக்குக் கடிதம் போட்டார். "சனிக்கிழமை சாயங்காலம் தூத்துக்குடியில் ஏறிவிடு. அங்கே விழுகிற பனி நம் ஊர்ப் புல்நுனியில் நிற்கிற பனி இல்லை, மண்வெட்டியால் அள்ளுகிற பனி. கம்பளிக் கோட்டு இல்லாமல் வராதே."

எனக்குச் சின்ன வயது முதல் இரைப்பு உண்டு. விடியற்காலம் ஆற்றில் இரண்டு முங்கு கூடுதலாகப் போட்டால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்த ஆரம்பித்துவிடும். என் மனைவி கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒரே பேச்சாகச் சொன்னாள்: "கோட்டு இருந்தாப் போங்க. இல்லேன்னா வாசப்படியில குறுக்க படுத்துக்கிடுவேன். என்னைத் தாண்டித்தான் போகணும். கூப்பிட்டது எங்க அண்ணன்தானேன்னெல்லாம் பாக்க மாட்டேன்."

ஆக, போவதும் போகாததும் அந்தக் கோட்டில் இருந்தது.

பாளையங்கோட்டையில் துரைமார்களுக்குத் தைக்கிற தையற்காரர் ஒருவர் இருந்தார். கம்பளித் துணியை அவரிடம் கொடுத்து இருபது நாள் ஆகியிருந்தது. கேட்கும்போதெல்லாம் "கோட்டு என்னா அண்ணாச்சி, சட்டையா? அது ஒரு வீடு கட்டுத மாதிரி" என்பார். நல்ல பேச்சு, இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு அவரைக் கடித்துத் தின்றுவிடலாம் போலிருந்தது.

இதற்கு நடுவில் சூலம் வந்தது. சனிக்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசையில் புறப்படக் கூடாது. தூத்துக்குடி எங்களுக்குக் கிழக்கே. ஜோசியர் விரலை மடக்கிப் பார்த்து, புதன்கிழமை காலையில் பரஸ்தானம் வைத்துவிடச் சொன்னார். நல்ல வேளையில் நம் பெட்டியை முதலில் கிளப்பி, போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவது. அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு நாம் எந்தக் கிழமையும் போய் அதை எடுத்துக்கொள்ளலாம். வைத்த பெட்டியைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது. அக்காள் கீழத்தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்ததால் இடத்துக்குப் பஞ்சமில்லை.

செவ்வாய் சாயங்காலம் வீட்டில் பெட்டி கட்டுகிற ரகளை. இருந்தது ஒரே ஒரு தகரப் பெட்டி. கப்பலில் நாம் தின்கிற மாதிரி என்ன கிடைக்கும் என்று, புளிக்காய்ச்சல் ஒரு ஜாடி, எலுமிச்சங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி, சுக்கு, மிளகு, வடகம் எல்லாம் உள்ளே போய்விட்டன. "குளிருக்குப் போறேனா, சமையலுக்குப் போறேனா?" என்று நான் கத்த, "குளிர்ல பசிக்காதாக்கும்" என்று மனைவி ஜாடியை இன்னும் ஆழமாக அமுக்கினாள். அந்தச் சண்டையின் உச்சத்தில் தையற்காரர் வந்து கோட்டை என் கையில் கொடுத்தார். "கை ரெண்டும் சும்மா நூலோட்டம்தான் போட்டிருக்கு, அண்ணாச்சி, இழுத்தா வந்துரும். போட்டுப் பாத்து வையுங்க. நாளைக்கு வந்து வாங்கிட்டுப் போயி முடிச்சுத் தாரேன்."

நான் "சரி" என்றேன். கோட்டைக் கொடியில் போட்டேன். போய் மறுபடியும் ஊறுகாய்ச் சண்டையில் சேர்ந்துகொண்டேன். கை இன்னும் தைத்து முடியவில்லை என்று மனைவியிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை.

புதன்கிழமை நல்ல வேளையில் பெட்டி அக்காள் வீட்டுக்குப் போயிற்று. மத்தியானம் தையற்காரர் வந்து கோட்டைக் கேட்டார். கொடியில் கோட்டைக் காணோம்.

"பெட்டியில வச்சாச்சே" என்றாள் மனைவி. "கோட்டுக்குத்தானே இத்தனை பாடும். அதை ராத்திரியே மடிச்சு வச்சிட்டேன்."

கீழத்தெருவுக்கு ஓடினேன். அக்காள் பெட்டியின் மேல் மஞ்சள் துணி போர்த்தி, சாவியை முந்தானையில் முடிந்திருந்தாள்.

"அக்கா, கோட்டை மட்டும் எடுத்துக் குடு. தைச்சு நாளைக்கே வச்சிருதேன்."

"என்னலே பேசுத? அது பொறப்பட்டாச்சு."

"எங்கன பொறப்பட்டாச்சு? உன் ரேழியிலதானே இருக்கு."

"இருந்தா? அது வழியில இருக்கு. கோட்டை எடுத்தா, போன ஆள் பாதி திரும்பி வந்த மாதிரி. மீதிப் பாதி எங்க போயி முடியும்னு யாரு கண்டா?"

"அப்ப தையற்காரரை இங்கன கூட்டியாரேன். இங்கனயே உக்காந்து தைக்கட்டும்."

"பெட்டியத் தொறந்தாத்தானலே தைக்க? நீ பயணம் பொறப்பட்டு எடுத்த பொறகுதான் தொறக்கணும். எடுத்தா கீழ வைக்காம நடக்கணும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சூலம், ஜோசியர், மைத்துனர், ஜப்பான் தேசம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுத் திட்டினேன். அவள் முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். அவளை அழவைக்காமல் அந்தச் சாவியைப் பிடுங்க முடியாது. அதற்கு எனக்கு மனசில்லை. தப்பு என்னுடையது என்பதும் தெரிந்திருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டில் மனைவி வாசப்படியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் தையற்காரர்தான் வழி சொன்னார். "ரயில்ல வச்சுத் தைச்சிருதேன். மணியாச்சிக்குள்ள ரெண்டு கையும் முடிஞ்சிரும். அங்கன இறங்கித் திரும்பிக்கிடுதேன்." அவர் சத்தியம் பண்ணின பிறகுதான் அவள் சம்மதித்தாள்.

சனிக்கிழமை பெட்டியைக் கீழே வைக்காமல் வாங்கி, வண்டியில் ஏற்றி, ஸ்டேஷனுக்குப் போய் நானும் தையற்காரரும் ரயிலேறினோம். வண்டி நகர்ந்ததும் கோட்டை எடுத்தேன். புளிக்காய்ச்சல் வாசனை பெட்டி பூராவும் எழும்பியது. உடம்பில் போட்டால்தான் கை எங்கே முடிகிறதென்று தெரியும் என்று தையற்காரர் என்னை நிற்கவைத்தார். வெயில் நேரம், மூன்றாம் வகுப்பு, முழங்கால் வரைக்கும் கம்பளி. வேர்வை காதோரம் ஓடிற்று.

எதிரே பஞ்சு வியாபாரி ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாடகத்துக்கா அண்ணாச்சி?" என்றார்.

"ஜப்பானுக்கு. அங்க ரொம்பக் குளிரு."

"அதுக்கு இங்கன இருந்தே போட்டுக்கிட்டுப் போவணுமோ?"

ஜனங்கள் சிரித்தார்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் ஊசி என் தோளில் ஏறியது. "பையவே" என்றால், "வண்டிக்காரன்ட்ட சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் தையற்காரர். மணியாச்சி வந்தபோது வலது கை முடிந்திருந்தது. இடது கை அப்படியே நூலோட்டத்தில் தொங்கியது. திரும்புகிற வண்டி எதிர்ப்பக்கம் நின்றது. அவருக்கு மறுநாள் கல்யாண வீட்டுச் சட்டைகள். ஊசியையும் நூல்கண்டையும் என் உள்ளங்கையில் வைத்து, "தையலைப் பாத்துட்டீங்கள்லா. அதே மாதிரி போட்டுக்கிடுங்க. வீட்டுல சொல்லமாட்டேன்" என்று இறங்கிவிட்டார்.

மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே நான் தைத்ததை மூன்று தடவை பிரித்தேன். நாலாம் தடவை கோட்டுக் கையோடு என் வேஷ்டியையும் சேர்த்துத் தைத்திருந்தேன். பஞ்சு வியாபாரிதான் கத்தியால் அறுத்துவிட்டார். மிச்சத்தைக் கொழும்புக் கப்பலில் விளக்கடியில் வைத்து முடித்தேன். கொழும்பில் மைத்துனரோடு சேர்ந்து ஜப்பான் கப்பலுக்கு மாறினேன்.

சீனக் கடல் தாண்டி ஒரு நாள் காற்று பிடித்தது. மைத்துனரோடு மேல்தட்டில் நின்று, பனி விழுந்து கிடந்த மலையைப் பார்க்கக் கையைத் தூக்கினேன். இடது அக்குள் ஒரு சாண் கிழிந்து போயிற்று. குளிர் வேறு எங்கேயும் நுழையவில்லை. நேரே அந்த வழியாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. இரண்டு நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜப்பான் துறைமுகத்தை மைத்துனர் பார்த்துவந்து சொல்லக் கேட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மனைவிக்குக் கடிதம் எழுதினேன். மலையைப் பற்றி எழுதினேன், பனி அள்ளுகிற மண்வெட்டியைப் பற்றி எழுதினேன். கோட்டு நல்ல கனமாக இருக்கிறது என்றும் எழுதினேன். அது பொய்யில்லை.