திட்டு வாங்கும் அந்தப் பெண்

காலையில் கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறுவதற்கு முன்பே எனக்கு வேலை ஆரம்பித்துவிடும். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விற்கிறேன். கடைக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. எங்கள் மேனேஜர் அதில் எழுதமாட்டார், பேசித்தான் அனுப்புவார். கேட்டதற்கு அடையாளமாக எல்லாரும் கட்டைவிரல் போட வேண்டும். போடாவிட்டால் அதற்குத் தனித் திட்டு. என் போனைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். அம்மாவும் நானும் இருப்பது ஒரே அறை வீடு.

ஒரு நாள் ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. பட்டுப்புடவைகளையெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு, பாண்டிச்சேரியில் எடுத்துக்கொள்கிறோம் என்று கிளம்பிவிட்டது. வாங்காமல் போகிறவர்களைப் படியிலேயே மடக்கி மேனேஜரிடம் கூட்டிப்போக வேண்டும் என்பது கடைச் சட்டம். கல்யாணப் பெண்ணுக்குப் பிடித்த புடவை அவள் அப்பாவுக்குக் கட்டுப்படியாகவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. நான் மடக்கவில்லை.

மறுநாள் காலை அம்மா கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருக்கும்போது மேனேஜர் குரல் வந்தது.

"நேத்து அந்தக் கல்யாண பார்ட்டிய கோட்ட வுட்டுச்சே ஒரு ஜென்மம், அதுக்கு வாயில இன்னா கொழுக்கட்டையா? மல்லாட்ட புடுங்கப் போவ வேண்டியதெல்லாம் கடைக்கு வந்தா இப்டித்தான்."

பேர் சொல்லமாட்டார். சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு கட்டைவிரலாக விழ ஆரம்பித்தது.

என் அம்மா கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கித்தான் என்னை விழுப்புரத்தில் காலேஜ் படிக்க வைத்தாள். தன் பிள்ளை வயசுப் பையன்கள் வரப்பில் நின்றுகொண்டு 'ஏய்' என்று கூப்பிட, நிமிராமல் வேலை செய்தவள். என் பெண்ணை எவனும் அப்படிக் கூப்பிட முடியாது என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அவளுக்கு இருக்கிற சொத்தே அந்தப் பேச்சு ஒன்றுதான்.

"யார இப்டி பேசறான்?" என்றாள்.

"எங்கூட வேல செய்ற ஒரு பொண்ணும்மா."

"அதுக்கு அம்மா இல்லியா?"

"இருக்காங்க."

"தெரிஞ்சா பெத்த வயிறு இன்னா பாடு படும்" என்றாள். கூழை அப்படியே வைத்துவிட்டாள்.

அதிலிருந்து தினமும் விசாரிப்பு. அந்தப் பொண்ணு வேலைக்கு வந்துச்சா, சாப்டுச்சா, இன்னிக்கும் திட்டுனானா. இல்லாத ஒருத்திக்காக என் அம்மா கவலைப்பட்டாள். வேர்க்கடலை வேக வைத்தால் ஒரு பொட்டலம் தனியாகக் கட்டுவாள். "அதுக்குக் குடு. ஆறுதலா ரெண்டு வார்த்த பேசு" என்பாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நானே தின்பேன்.

ஒரு நாள் தாங்கமுடியாமல் மேனேஜரிடம் போனேன். "சார், தப்பு இருந்தா தனியா கூப்ட்டு சொல்லுங்க சார். குரூப்புல வேணாம்" என்றேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார்.

மாலையில் குரூப்பில் பேசினார். "நம்ம மேடத்துக்கு மரியாத வேணுமாம். இனிமே எல்லாரும் மேடம்னே கூப்புடுங்க."

முதல் கட்டைவிரல், என்னோடு சோறு பங்கு போட்டுச் சாப்பிடுகிறவளுடையது. மறுநாளிலிருந்து கடை முழுக்க மேடம்தான். மேடம், அந்தக் குப்பையை அள்ளுங்க. மேடம், பாத்ரூம் போக பர்மிஷன் வாங்கினீங்களா. திட்டு வாங்கின நாட்களே தேவலாம் என்று ஆகிவிட்டது. வேறு கடைக்குப் போகலாம். அங்கேயும் ஒரு மேனேஜர், ஒரு குரூப். இதிலிருந்து வெளியே போக வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் காலையில், அதே சோத்துக்கூட்டாளி போன் செய்தாள். ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது. "மேடம், கெளம்பிட்டீங்களா மேடம்?" பின்னால் யாரோ அடக்கிச் சிரித்தார்கள். அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு கேட்கவில்லை. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது.

"உன்னத்தான் மேடம்னு கூப்புடுறாங்களா?"

தலையாட்டினேன். கடலைப் பொட்டலத்தை என் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அப்போ அந்தப் பொண்ணுக்காக நீ ஒரு வார்த்த கேக்கக்கூடாதா? நீ சொன்னா கேப்பாங்க இல்ல?"

"கேட்டுட்டேம்மா" என்றேன்.