சேவியர் அண்ணனின் தோளில் பட்ட பந்து

1. அறையில் இருந்தவர்கள்

கமிட்டி அறையில் டோர்னமெண்ட் தலைவர் இருந்தார். செமி ஃபைனலை நடத்திய ரெஃப்ரி இருந்தார். எங்கள் மில் டீமுக்கு மேனேஜராக வந்திருந்த ஸ்பின்னிங் மேஸ்திரி ரங்கசாமி இருந்தார். ரெட் கார்டு வாங்கிய சேவியர் அண்ணன் இருந்தார். மில்லில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க்கான நான், இங்கிலீஷில் இருக்கும் ரூல் புத்தகத்தைப் படித்துச் சொல்வதற்காகக் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

இல்லாதவர் ஒருவர்தான். எங்கள் கோல் பக்கம் கொடி பிடித்த லைன்ஸ்மேன். அவர் அந்தியூர்க்காரர். கடைசி விசில் ஊதியதும் ஈரோடு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். பந்து கையில் பட்டதா, தோளில் பட்டதா என்று கிட்டத்தில் நின்று பார்த்தவர் அவர் மட்டுமே.

விளையாட்டுக் கோட்டாவில் மில் வேலைக்கு வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நடந்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரு விஷயத்துக்கு அச்சடித்த விதி இருந்தால் அதற்கு நியாயமும் கிடைத்துவிடும் என்று அன்றைக்கு வரை நம்பியிருந்தேன்.

2. பத்லி

சேவியர் அண்ணன் மில்லில் பத்லி. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவருடைய ஃபிரேமில், அதாவது நூற்கும் மெஷினில், நிற்பவருக்குப் பத்லி என்று பெயர். காலையில் கேட்டுக்கு வந்து நிற்க வேண்டும். ஆள் குறைந்தால் உள்ளே கூப்பிடுவார்கள். குறையவில்லையென்றால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஊட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் ஆறு வருடமாக அப்படித்தான் வந்து நின்றுகொண்டிருந்தார்.

டீமில் அவர் ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவர். நல்ல உயரம், கூடுதல் பேச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்றால் முதல் பூசைக்குப் போய்விட்டு, கோயில் சட்டையோடு நேராக கிரவுண்டுக்கு வந்துவிடுவார்.

அந்த வருடம் விளையாட்டுக் கோட்டாவில் ஒரே ஒரு பெர்மனெண்ட் இடம் காலியாக இருந்தது. மில்லின் எம்.டி. ஃபைனலுக்கு நேரில் வருவதாகவும், ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே ஆளை முடிவு செய்வதாகவும் சொல்லியிருந்தார். சேவியர் அண்ணனுக்கு வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. இன்னொரு ஃபைனல் அவருக்குக் கிடையாது.

செமி ஃபைனலுக்கு வேனில் போகும்போது ரங்கசாமி மேஸ்திரி பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "சேவியரு, இன்னைக்கு ஒண்ணும் கிழிக்க வேண்டாம். அடி படாம வந்து சேரு. மிச்சத்த ஃபைனல்ல பாத்துக்கலாம்."

"சரீங்க மேஸ்திரி."

"கல்யாணத்துக்கு எங்களயெல்லாம் கூப்புடுவியா?"

"மொதல்ல பெர்மனெண்ட் ஆவட்டுங்க. பத்லிக்கு எவன் பொண்ணு குடுக்கறான்?"

"பொண்ணும் பத்லியா கெடைக்குமான்னு கேட்டுப் பாரேன்" என்று கோல்கீப்பர் சொன்னார். வேனே சிரித்தது.

3. பந்து பட்ட இடம்

காலையில் மழை பெய்திருந்தது. கிரவுண்டு முழுக்கச் செம்மண் சேறு. எங்கள் ஜெர்சி வெள்ளை.

நாங்கள் ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் எதிர் டீமுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அவர்கள் ஆள் தலையால் முட்டிய பந்து, கீப்பரைத் தாண்டி நேராக கோல் லைனுக்குப் போனது. அங்கே நின்ற சேவியர் அண்ணன் உடம்பைத் திருப்பிக் கொடுத்தார். பந்து அவர்மேல் மோதி வெளியே போனது.

ரெஃப்ரிக்கு முன்னால் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் விசில் ஊதி பெனால்டி காட்டினார். பிறகு பாக்கெட்டிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தார். கோலுக்குள் போகிற பந்தைக் கையால் தடுத்தால் வெளியேற்ற வேண்டும் என்பது விதி. விதியில் தவறில்லை. ஆனால் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கவே இல்லை.

சேவியர் அண்ணன் வாதாடவில்லை. சட்டையின் இடது தோளை இழுத்துப் பிடித்து ரெஃப்ரியிடம் காட்டினார். ரெஃப்ரி அதைப் பார்க்காமல் வெளியே கை காட்டினார்.

அவர் கயிற்றைத் தாண்டி வந்ததும் நான் பார்த்தேன். தோளில் வட்டமாகச் செம்மண் முத்திரை. பந்தின் தையல்கூட அதில் பதிந்திருந்தது. அச்சடித்த மாதிரி இருந்தது. கையில் அப்படி ஒரு தடமும் இல்லை.

பெனால்டியை எங்கள் கீப்பர் பிடித்துவிட்டார். நாங்கள் ஜெயித்தோம். யாரும் சத்தம் போடவில்லை. ரெட் கார்டு வாங்கியவர் அடுத்த ஆட்டம் ஆட முடியாது. அடுத்த ஆட்டம் ஃபைனல்.

4. மேலு கழுவி வந்தது

ஆட்டம் முடிந்ததும் நான் ஓடிப்போய் ரெஃப்ரியைப் பிடித்தேன். திருச்சிப் பக்கத்துக்காரர், நடு வயது. கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"சார், பந்து தோள்ல பட்டுதுங்க. சட்டைல மண்ணு பதிஞ்சிருக்குதுங்க. நீங்க ஒருக்கா பார்க்கோணும்" என்றேன்.

"எனக்கு மறைச்சுது தம்பி. நான் ஆள் திரும்பினதைத்தான் பார்த்தேன். கமிட்டி ரூமுக்கு அந்தப் பையனைக் கூட்டிட்டு வாங்க. சட்டையைப் பார்க்கிறேன். நீங்க சொல்ற மாதிரி இருந்தா ரிப்போர்ட்ல தப்பா காட்டிட்டேன்னு எழுதிடறேன். தலைவர் கார்டை ரத்து பண்ணிடுவார்."

ஒரு ரெஃப்ரி இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போதே தலைவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மற்ற டீம் ஆட்கள் கிளம்பியதும் வரச் சொன்னார். ரங்கசாமி மேஸ்திரிக்கு, சேவியர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு கமிட்டி ரூமுக்கு வரும்படி ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பினேன். சட்டையைப் பார்க்கத்தான் என்று சேர்த்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ரூல் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

இங்கே மில்லின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்பின்னிங்கில் நிற்பவர்மேல் தலையிலிருந்து கால் வரை பஞ்சு ஒட்டியிருக்கும். ஆபீஸிலிருந்து கூப்பிட்டால் யாரும் அப்படியே போக மாட்டார்கள். பஞ்சைத் தட்டி, மூஞ்சி கழுவி, தலை சீவிக்கொண்டுதான் மேனேஜர் ரூமுக்குள் நுழைவார்கள். பஞ்சோடு போனால் திமிர் என்று அர்த்தம். விசாரணையில் பாதி அங்கேயே தோற்றுவிடுவோம். எங்களுக்கெல்லாம் இது மூச்சு விடுகிற மாதிரி.

மேஸ்திரி சேவியர் அண்ணனோடு வந்தார். சேவியர் அண்ணன் குளித்திருந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இஸ்திரி போட்ட கோயில் சட்டையைப் போட்டு, கழுத்து வரை பட்டன் மாட்டியிருந்தார்.

நான் இரண்டு பேர் கைகளையும் பார்த்தேன். "மேஸ்திரி, ஜெர்சி எங்கீங்க?"

"அத எதுக்கு கேக்கற? எல்லாத்தோடதும் சேத்து சோப்புத் தண்ணில முக்கிப்போட்டாங்க. பெரிய மனுசங்க முன்னால சேத்தோட போயி நிக்கச் சொல்றியா? நான்தான் மேலு கழுவிட்டு வரச் சொன்னேன்."

வேன் பக்கம் ஓடினேன். ஒரு பக்கெட்டில் வெள்ளைச் சட்டைகள் நுரையோடு மிதந்தன. தண்ணீர் சிவப்பாக இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து விரித்துப் பார்த்தேன். அவருடைய சட்டையின் தோளில் லேசான பழுப்பு இருந்தது. எல்லாச் சட்டையிலும் எல்லா இடத்திலும் அதே பழுப்பு இருந்தது.

5. அறைக்குள்

"சட்டை எங்கே?" என்றார் தலைவர்.

துவைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

ரெஃப்ரி நிமிர்ந்து பார்த்தார். "துவைச்சிட்டீங்களா? எதுக்கு?"

பதில் சொல்ல வாய் எடுத்தேன். மேஸ்திரி என் தோளைத் தொட்டுப் பின்னால் தள்ளினார். "இரு கண்ணு, நான் பேசிக்கறேன்." மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, இரண்டு கையாலும் ரெஃப்ரியிடம் நீட்டினார்.

"ஐயா, பையன் தெரியாம பண்ணிப்போட்டானுங்க. தப்புத்தானுங்க. நல்ல பையனுங்க, கஷ்டப்பட்ட குடும்பம். இந்த ஒருக்கா மன்னிச்சு உட்ருங்க. டேய், கும்புடுறா."

சேவியர் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் கத்தியே விட்டேன். "மேஸ்திரி, அவரு தப்பே பண்ணலீங்க. கைல படவே இல்லீங்க."

"நீ சும்மா இரு. படிச்சவனாட்டம் அங்க நின்னு ரூல் பேசாத. ஆபீசருகிட்ட எப்படிப் பேசோணும்னு எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியும், மில்லில். நூல் வேஸ்ட் அதிகமானால் சூப்பர்வைசர் யாரையாவது பிடித்துத் திட்டுவார். அது யாருடைய வேஸ்ட் என்று எவரும் கேட்பதில்லை. "தப்புத்தானுங்க, இனி நடக்காதுங்க" என்று சொன்னால், நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டுவிடுவார். ஃபிரேம் ஓடும். "நான் இல்லீங்க" என்று சொன்ன பத்லியை அடுத்த வாரம் கேட்டில் கூப்பிட மாட்டார்கள். எங்கள் ஊரில் மன்னிப்பு கேட்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது அல்ல. எதிரில் இருக்கிறவருக்கு மனசு இறங்க ஒரு வழி விடுவது.

ரெஃப்ரிக்கு அந்த வழி தெரியவில்லை. எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நீ தோள்ல பட்டுதுன்னு சொல்ற. உங்க மேனேஜர் தப்புதான்னு சொல்றார். பையனும் கும்பிடறான். சட்டையும் இல்லை. நான் எதை வெச்சு மாத்தி எழுதறது?"

"மரியாதைக்குச் சொல்றாருங்க சார்" என்றேன்.

"மரியாதைக்கு யாராவது பண்ணாத தப்பை ஒத்துப்பாங்களா?" அவர் நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

தலைவர் உள்ளூர்க்காரர். அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஒத்துக்கிட்டீங்கல்ல, அப்பறம் என்னங்க? ஃபைனல் மட்டும் சஸ்பென்ஷன். மேல எதுவும் போடல. போயிட்டு வாங்க."

மேஸ்திரிக்கு முகமெல்லாம் நிம்மதி. வெளியே வந்ததும், "பாத்தியா, மேல ஒண்ணும் போடல" என்றார். ஃபைனல்தான் எல்லாமே என்பது அவருக்கு மறந்துவிடவில்லை. மன்னிப்பு கேட்ட பிறகும் தண்டனை நிற்கும் என்பது அவர் மனதில் ஏறவே இல்லை. வேனில் ஏறி, சிங்காநல்லூர் குளத்துக்கிட்டே வரும்போதுதான், "அப்ப ஃபைனலுக்கு எறக்க மாட்டாங்களா கண்ணு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

மாட்டார்கள் என்றேன்.

6. ஃபைனல்

இரண்டு கோலில் தோற்றோம். இரண்டும் கோலுக்கு நேர் நடு வழியாகத்தான் வந்தது. சேவியர் அண்ணன் நிற்கும் இடத்தில் ஒரு புதுப் பையன் நின்றான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எம்.டி. வந்திருந்தார். இடைவேளையில், "அந்த உசரமான ஸ்டாப்பர் எங்க?" என்று கேட்டார்.

"ரெட் கார்டுங்க" என்றார் மேஸ்திரி.

"எதுக்கு?"

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். நான் முன்னால் போய், பந்து தோளில் பட்டதைச் சொன்னேன், சட்டையைத் துவைத்ததைச் சொன்னேன். எம்.டி. கேட்டுக்கொண்டார். "மன்னிப்பு கேட்டாங்கன்னு தலைவர் சொன்னாரே?" என்றார். நான் அதற்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாதியிலேயே அவர் டிரைவரைக் கூப்பிட்டார்.

அந்த இடம் ஓரத்தில் ஆடும் எங்கள் விங்கருக்குப் போனது. நல்ல ஆட்டக்காரர்தான். ஆர்டரை டைப் அடித்தவன் நான். சேவியர் அண்ணன் கேட்டில் நின்று அவருக்குக் கை கொடுத்துவிட்டு, அன்றைக்கு ஷிஃப்ட் கிடைக்காததால் திரும்பிப் போனார். அடுத்த மாதத்திலிருந்து அவர் கேட்டுக்கு வரவில்லை.

7. கருமத்தம்பட்டியில்

போன மாதம் ஒரு வேலையாகக் கருமத்தம்பட்டி போனபோது அவரைப் பார்த்தேன். விசைத்தறிக் கூடத்தில் இருக்கிறார். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் வெளியே வந்தோம்.

"மேஸ்திரி எப்படி இருக்காருங்க?" என்று கேட்டார்.

"ரிட்டயர் ஆயிட்டாருண்ணா. உங்களப் பத்திக் கேக்காத நாளில்லீங்க."

"பாவம். அவரு எனக்கு நல்லது பண்றதாத்தான் நெனச்சாரு. நானுந்தான் நெனச்சேன். கும்புட்டது என்ற கைதான?"

அந்த அறையிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். புதிதாக வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். உங்கள்மேல் செய்யாத தப்பைச் சொன்னால், முதலில் செய்யவில்லை என்று சொல்லுங்கள். மரியாதையாகவே சொல்லலாம், "இல்லீங்க" என்று சொல்லவும் நமக்கு வாய் இருக்கிறது. அதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் சேற்றோடேயே நில்லுங்கள்.

கிளம்பும்போது சேவியர் அண்ணன் கேட்டார். "பெர்மனெண்டுக்கு இப்ப கைல எவ்வளவுங்க தம்பி வருது?"

சொன்னேன். தன்னுடைய தறிக் கூலியை அதில் கழித்து, மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தார்.

"அப்ப மாசம் ஆயிரத்தி எழுநூறு கொறையுதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.