பின் சீற்றில் மரியமலர்

"உடம்பை இறுக்காதீங்க அக்கா. வண்டிக்கு உங்களில ஒரு கோவமும் இல்லை. கொஞ்சமா அக்சிலேட்டர் குடுங்க... ஆ, அவ்வளவுதான். இப்ப விடுங்க."

ஸ்கூட்டியின் பின் சீற்றிலிருந்து மரியமலர் இதைச் சொல்லும்போது அவளுடைய கால்கள் இரண்டும் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடி வரும். கைகள் முன்னால் இருப்பவரின் தோளில் படாமல், பட்டுவிடும் தூரத்தில் நிற்கும். முன்னால் இருப்பவர் இன்றைக்கு கிண்ணியாவிலிருந்து வரும் நஜ்முன் நிஸா. நாற்பத்தைந்து வயதில் ஸ்கூட்டி பழகுகிறார். உள்துறைமுக வீதியில் காலையில் வாகனம் குறைவு. ஒரு பக்கம் கடல், தூரத்தில் கப்பல்கள், எப்போதாவது குறுக்கே ஒரு மான். மானுக்கு ஹோர்ன் அடிக்கக் கூடாது என்பது மலரின் சட்டம். "அது தன்ர பாட்டில போகும். நாங்கள்தான் பொறுக்க வேணும்."

அவளுக்குப் பொறுமை அறவே கிடையாது. முப்பத்தாறு வயதாகிறது, அவள் ஒரு கதிரையில் சாய்ந்து உட்கார்ந்ததைக் கண்டவர்கள் குறைவு. பிளேன்ரீயை நின்றபடி குடிப்பாள். போன் வந்தால் நடக்கத் தொடங்கிவிடுவாள். கதை முடியும்போது அடுத்த ஒழுங்கையில் நிற்பாள். பாலையூற்றுக் கோயிலில் பூசைக்குப் போனால் கடைசி வாங்கில், வாசலோரம். சுவாமியார் பிரசங்கத்தை நீட்டினால் அவளுடைய முழங்கால் ஆடத் தொடங்கும். அந்த வாங்கில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஆட வேண்டியதுதான்.

அவளிடம் ஸ்கூட்டி பழக வருகிறவர்கள் எல்லாரும் பெண்கள். வண்டி ஓட்டத்தான் வருகிறார்கள். ஆனால் மூன்றாம் நாள், நான்காம் நாள், கைப்பிடி ஆட்டம் நின்றதும் வாய் திறந்துவிடும். கணவன் பக்கத்தில் படுக்காத கதை, காதலித்தவன் போனில் நம்பரை மறித்துவிட்ட கதை, காரணமில்லாமல் குசினியில் நின்று அழும் கதை. தெருவைப் பார்த்தபடி சொல்லுவார்கள். மலருக்கு அவர்களுடைய பிடரிதான் தெரியும். "முகம் தெரியாட்டி சனம் லேசாக் கதைக்கும்" என்பாள். கேட்ட கதையை அவள் இன்னொருவரிடம் கொண்டுபோனதில்லை. புத்தி சொல்வதில் மட்டும் கஞ்சத்தனம் இல்லை. "சொல்லிப்போடுங்க. உள்ளுக்க வைச்சுப் புழுங்காதீங்க. சொல்லிப்போட்டா பாதி முடிஞ்சுது."

அவள் தன்னுடைய கதையைச் சொன்னதில்லை.

அந்தக் கதை ஒரு சேலைக் கடையில் தொடங்கியது. இருபத்தேழு வயது. கோயிலில் கலியாண அறிவித்தல் வாசித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சூழ இருந்து கூறைச் சேலை எடுத்துக்கொண்டிருந்தபோது மலருக்கு நெஞ்சு அடைத்தது. மூச்சு உள்ளே போகவில்லை. விரல்கள் மரத்தன. இதோ சாகப்போகிறேன் என்று நினைத்தாள். விரித்துப் போட்ட சேலைகளுக்கு மேலேயே சரிந்து இருந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள். பிறகும் அது வந்தது, கோயிலில் ஒருமுறை, பஸ்ஸில் ஒருமுறை. மனநலக் கிளினிக்கில்தான் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது: பதகளிப்பு, திடீரென்று பிடிக்கிற பயம். பெயர் கிடைத்தபோது மாப்பிள்ளை கிடைக்கவில்லை. "பெட்டைக்கு ஏதோ இருக்காம்" என்ற பேச்சு அவளுக்கு முன்னமே கட்டைபறிச்சானில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போதும் மாதம் ஒருமுறை கிளினிக், தினம் ஒரு குளிசை. அது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வருடத்தில் சில தடவை தலை தூக்கும். அவளுடைய தாய் பாக்கியரத்தினம் அயலவர்களிடம் "அவளுக்குப் பிரஷர்" என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

லெஸ்லி வந்தது போன வருடம். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் மெசின் திருத்துகிறவன், நாற்பது வயது, அகலமான ஆள். தங்கச்சியைப் பழக்கவென்று கூட்டிக்கொண்டு வந்தவன், தங்கச்சி லைசன்ஸ் எடுத்த பிறகும் வந்தான். அவன் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் தான் ஒரு சுற்றுப் போய் வந்துவிடலாம் என்று மலர் அவனைப் பகிடி பண்ணுவாள். அவன் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அந்த வசனத்தைச் சொல்லி முடிப்பான். சில மாதங்களாக அவன் முடிக்கிற வசனம் ஒன்றுதான். "நான் ஒருக்கா வீட்ட வந்து அம்மாவோட கதைக்கட்டே?"

மலர் ஒவ்வொரு தடவையும் ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணிவிடுவாள்.

"அதை மட்டும் அந்தப் பொடியனிட்டச் சொல்லிப்போடாத" என்றாள் தாய். "முதல் ஒருக்காப் பட்டது காணும். தாலி ஏறட்டும். பிறகு பார்ப்பம்."

"பிறகு தெரிஞ்சா?"

"பிறகு தெரிஞ்சா என்ன, விட்டிட்டே போவான்?"

அதற்குப் பிறகு மலரின் நித்திரை குலைந்தது. பாடத்தில் சத்தம் போட்டாள். நஜ்முன் நிஸாவே ஒருநாள் வண்டியை நிறுத்தித் திரும்பி, "பிள்ள, இண்டைக்கு நான் உங்களப் பின்னுக்கு வெச்சு ஓட்டுறனா, நீங்க என்னத் தள்ளுறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

இந்த நாட்களில்தான் ஸல்ஹா பழக வந்தாள். இருபத்தாறு வயது, தோப்பூர்ப் பிள்ளை, நகரத்தில் ஒரு நகைக் கடையில் வேலை. அவளுக்கு நிகாஹ் பேசியிருந்த இக்ராம் கட்டாரில் இருந்து தினமும் போன் எடுப்பான். கலியாணத்துக்குப் பிறகு வேலை வேண்டாம் என்றான், ஓம் என்றாள். ஸ்கூட்டி எதற்கு என்றான். அதற்கும் ஓம் என்றாள். மறுநாள் காலை வந்து ஸ்கூட்டியில் ஏறினாள்.

"போன்ல கதைக்கிறது நான் இல்ல அக்கா" என்றாள் ஒருநாள், தெருவைப் பார்த்தபடி. "அது வேற ஒரு ஸல்ஹா. நல்ல பிள்ள. எல்லாத்துக்கும் தலையாட்டுவா. எனக்கு அவவக் கண்டாலே ஆத்திரம் வருது. சில நேரம் எது நான் எண்டே விளங்குதில்ல."

"அவரிட்ட அப்பிடியே சொல்லிப்போடுங்க தங்கச்சி. கட்டின பிறகு வீட்டில வேற ஒருத்தி நிக்கிறாளே எண்டு அந்த மனுசன் திகைக்கிறதை விட, இப்பவே நீங்க ஆர் எண்டு தெரியட்டும். பிடிக்காட்டிப் போகட்டும்."

பாடம் முடிகிற நேரத்தில் லெஸ்லி வந்து நிற்பதைக் கண்டிருந்த ஸல்ஹா, முதலில் வளைவை நிதானமாகத் திரும்பினாள். பிறகு, குத்தலாக இல்லை, உண்மையாகவே அறிய விரும்பியவள் போலக் கேட்டாள்: "உங்கட ஆளிட்ட நீங்க எல்லாம் சொல்லிட்டீங்களா அக்கா?"

மலரின் கைகள் தோளருகிலிருந்து விலகின. ஓடி வந்த கால்கள் ஓட மறந்தன. ஸ்கூட்டி ஒரு நெளிவு நெளிந்து, தெருவோர மணலில் ஏறி, இரண்டு பேரையும் மெதுவாகச் சரித்துவிட்டது. ஸல்ஹா மணலில் இருந்தபடி விழுந்து விழுந்து சிரித்தாள். மலர் வண்டியை நிமிர்த்தினாள், கண்ணாடியைத் திருப்பினாள், மீண்டும் திருப்பினாள். "இல்லை" என்றாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் லெஸ்லியைப் பின்னால் ஏறச் சொன்னாள். அவன் ஏறி இருந்தான். கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. மலர் சொல்லத் தொடங்கினாள். சேலைக் கடை, மூச்சு, கிளினிக், குளிசை, அம்மா சொல்லும் பிரஷர். காற்றுக்கு மேலாகக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. இவ்வளவு காலமும் மெதுவாகக்கூடச் சொல்லாததைப் பாலம் முழுக்கக் கத்திக்கொண்டு போனாள். அவன் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் அவளுக்கு முதுகு கூசியது. தன்னிடம் பழக வந்த பெண்கள் ஒவ்வொருவரும் இப்படித்தான் கூசியிருப்பார்களோ என்று அப்போதுதான் நினைத்தாள்.

"வண்டியை நிப்பாட்டும்" என்றான் லெஸ்லி.

நிறுத்தினாள். அவன் இறங்கிப் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான். வெகுநேரம் நின்றான். மலர் இரண்டு தடவை ஸ்டார்ட் பண்ணி இரண்டு தடவை நிறுத்தினாள்.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு மலர்" என்றான் கடைசியில். "இல்லை எண்டு பொய் சொல்ல ஏலாது. நான் யோசிக்க வேணும்."

"யோசியுங்க."

அவன் பஸ்ஸில் போய்விட்டான். அந்த வாரம் போன் வரவில்லை. வீட்டில் விஷயம் தெரிந்ததும் பாக்கியரத்தினம் மகளுடன் பேசுவதை நிறுத்தினாள். சோற்றை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மலர் ஒரு பாடத்தையும் விடவில்லை. ஸல்ஹா ஒருநாள் வீங்கிய கண்களோடு வந்து, "சொல்லிட்டன் அக்கா. ஒவ்வொரு நாளும் சண்டதான்" என்றாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சொன்னாள்: "ஆனா இப்ப சண்ட பிடிக்கிறது நான்தான்."

அடுத்த வாரம் பாடம் முடிகிற நேரத்தில் லெஸ்லி வந்தான். வேலை உடுப்பிலேயே, கையில் கிறீஸ் கறையோடு.

"ஒரு விஷயம் கேக்க வேணும்" என்றான். "உமக்கு அது வரேக்குள்ள நான் என்ன செய்ய வேணும்?"

மலரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "ஒண்டும் செய்யாதீங்க. தண்ணி தெளிக்காதீங்க. ஆக்களைக் கூப்பிடாதீங்க. அது வந்து போகும். நில்லுங்க, அவ்வளவுதான்."

"நிக்கிறது எனக்கு லேசு" என்றான் லெஸ்லி.

வீட்டுக்கு வந்து கதைப்பதைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை அவனைப் பார்க்க மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாள். படகுகள் வந்திருந்தன. ஏலம் கூறுகிறவர்களின் சத்தம், ஐஸ் நொறுக்கும் சத்தம், ஈரச் சிமெந்தில் சனநெரிசல். நெஞ்சில் அந்தப் பழைய கை வந்து அழுத்தியது. விரல்கள் மரக்கத் தொடங்கின. ஓட வேண்டும் என்று கால்கள் சொல்லின, ஓட வழியில்லை.

லெஸ்லி அவள் முகத்தைப் பார்த்தான். அவளைச் சுவரோரம் விட்டு, தான் சனத்தின் பக்கம் திரும்பி, அவளுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றான். அந்த அகலத்துக்கு அப்பால் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு ஐஸ் மெக்கானிக் ஏலத்தை வேடிக்கை பார்ப்பதுதான் தெரிந்திருக்கும்.

மலர் கண்ணை மூடிக்கொண்டு, அவனுடைய சட்டையின் பின்பக்கத்தைக் கைநிறையக் கசக்கிப் பிடித்தாள்.