இருபத்து மூன்றாம் மாடிக்காரி

அல்மாத்தி விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டியை எடைபோடும் வேலையில் ரவ்ஷான் இருபத்தாறு வருடம் இருந்தாள். பெட்டிக்கு அடியில் கால் கட்டைவிரலைக் கொடுத்து எடையைக் குறைப்பவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவைதான் ஏமாந்து கையெழுத்துப் போட்டாள். ஓடுபாதைக்கு அப்பால் முப்பது மாடிக் கட்டடம் ஒன்று எழும்பவிருந்தது. அதில் இருபத்து மூன்றாம் மாடியில் ஒரு வீடு. கணவன் விட்டுப்போன வீட்டை விற்று மொத்தப் பணத்தையும் அதில் போட்டுவிட்டு, மகளோடு வாடகை அறைக்குப் போனாள்.

முதல் நிறுவனம் பதினோராம் மாடியோடு திவாலானது. இரண்டாவது நிறுவனம் பத்தொன்பது வரை ஏற்றியது. வைத்தியத்துக்கென்று துபாய்க்குப் போன அதன் முதலாளி திரும்பவேயில்லை. ஐந்து வருடம் கழித்து மூன்றாவதாக சன்ஜார் வந்தான். வீட்டுக்குப் பணம் கட்டியவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு விருந்துக்கு அழைத்தான். ரொட்டி, குதிரை இறைச்சி, தேநீர். தட்டுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு புது ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டுப் பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"என்னடி, ரொட்டியக்கூடத் தொடல?" என்றாள் பக்கத்தில் இருந்த கசீசா. அவளுக்கு இருபத்தொன்றாம் மாடி.

"தின்னுட்டா அப்புறம் அவன் மேல கேஸ் போட மனசு வராது. நீ தின்னியா?"

"ரெண்டு தட்டு."

"அப்ப நீ சும்மா இரு. நான் பேசறேன்."

சன்ஜார் அவர்கள் மேசைக்கு வந்தான். "என்னக்கா, ஒரு விள்ளல்கூட எடுத்துக்கல. என் மேல கோபமா?"

"கிரேன் எங்க தம்பி?"

"வாடகை ஜாஸ்தின்னு அனுப்பிட்டோம். புதுசு வரும்."

"மொட்டை மாடியில சிவப்பு விளக்கு போட்டிருக்கியே."

"விமானத்துக்குத்தான். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். வேலை நடக்கிற கட்டடத்துல அது கிரேன் உச்சியில இருக்கும். நீ இரும்புக் கம்பம் நட்டு சிமெண்ட் பூசியிருக்க. இதுக்கு மேல கட்டப்போறவன் அப்படிச் செய்வானா? என் வீடு எங்க வருது, ஆகாயத்துலயா?"

மேசையில் மெல்லும் சத்தம் நின்றது.

சன்ஜார் சிரித்தான். "எடை போட்டுப் போட்டு அக்காவுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்."

"தீர்த்து வையேன். இருபத்து மூணு வராட்டி, அதே அளவுல கீழ ஒரு வீடுன்னு இந்தத் தாள்ல எழுது."

"நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்குக்கா," என்றான். எழுதவில்லை.

கசீசா பேனாவை எடுத்தாள். "அவன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு எப்படிடி முடியாதுங்கறது?"

ரவ்ஷானோடு பதினோரு பேர் மட்டும் பழைய ஒப்பந்தத்தோடு எழுந்து போனார்கள்.

அடுத்த வருடம் சன்ஜாரும் திவால். அவன் போட்ட புது ஒப்பந்தங்கள் செல்லாது என்று நீதிமன்றம் பழையவற்றை மட்டும் ஏற்றது. பத்தொன்பது மாடிகளை நகராட்சி முடித்துக் கொடுத்தது. ரவ்ஷானுக்கு ஆறாம் மாடி. கசீசா வழக்குக்கு அலைந்துகொண்டிருந்தாள். ரவ்ஷானைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள்.

சாவி வாங்கிய அன்றே ரவ்ஷான் நாடாவால் அறைகளை அளந்து, ஒன்றரைச் சதுர மீட்டர் குறைகிறது என்று நகராட்சிக்குப் புகார் எழுதிப் போட்டாள். குறைவுதான் என்று ஒப்புக்கொண்டு பல வருடம் கழித்துப் பதில் வந்தது, அவளை அடக்கம் செய்த எட்டாம் நாள். மகள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள், இரண்டு தடவை படித்த பிறகு.