முதலில் வெடி, பிறகு முட்டை

போன வருஷத் தீபாவளியன்று என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: “காலை ஆறு மணிக்கு முதல் வெடி. நாய் சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டு வலைக்குள் புகுந்துகொண்டது. இரண்டு இடத்தில் கிழிசல். மாலை நான்கு வரை வெளியே வரவில்லை.”

பக்கத்து வீட்டுக்காரர் தேவிபட்டினத்தில் சொந்த வள்ளம் வைத்து மீன் பிடிப்பவர். கிழிசலைத் தைத்துக்கொண்டே சொன்னார்: “அண்ணே, ஒங்க மொகத்துக்காக விடுறேன். அடுத்த தீவாளிக்கும் பூந்துச்சுன்னா, நயினார்கோவில்ல எம் மச்சான் வயக்காட்டுல கொண்டு போய்க் கட்டிருவேன்.” சொன்னால் செய்கிற மனிதர்.

இந்த ஆவணி பிறந்ததும் அதை வெடிச்சத்தத்துக்குப் பழக்க ஆரம்பித்தேன். நாய்க்கு ஒரு நெத்திலிக் கருவாடு கொடுப்பேன். பிறகு செல்போனில் வெடிச்சத்தத்தை மெதுவாக வைப்பேன். சத்தத்தின் அளவு, காது மடங்கியதா, வால் இறங்கியதா, எல்லாவற்றையும் எழுதினேன்.

இரண்டாவது வாரம், மனைவி குழம்புக்குக் கருவாடு அலசினாள். நாய் ஓடிப்போய்க் கட்டிலடியில் படுத்துவிட்டது.

“ஏங்க, வெடிக்குப் பயந்தது பத்தாதுன்னு இப்பக் கருவாட்டுக்கும் பயப்படுது.”

“நான் சத்தமே வைக்கலியே!”

“கருவாட்டக் குடுத்துட்டுத்தான வெடியப் போடுறீக? இது வந்தா அது வரும்னு அதுக்குத் தெரியாதா? மொதல்ல வெடியப் போடுங்க.”

அத்தனை பக்கங்களில் எது முன்னால், எது பின்னால் என்று நான் ஓரிடத்திலும் யோசித்திருக்கவில்லை. அன்றிலிருந்து முதலில் வெடி, பிறகு அவித்த முட்டைத் துண்டு. ஐப்பசியில் எங்கள் தெருவழியே ஓர் இறுதி ஊர்வலம் வெடி போட்டுக்கொண்டு போனது. நாய் நடுங்கிற்று, ஆனால் ஓடவில்லை. அடுக்களை வாசலில் வந்து நின்று என் மனைவியைப் பார்த்தது.

தீபாவளியன்று கட்டிப்போடவில்லை. முதல் வெடிக்கு ஒருமுறை சுவர்ப் பக்கம் திரும்பியது, பிறகு அடுக்களைக்கு வந்தது. பத்து மணிக்குள் நான்கு முட்டை தின்றிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “வலை முழுசாக் கெடக்கு. மச்சான்ட்ட வேணாம்னு சொல்லிர்றேன்.”

இந்த வருஷம் பெரிய சரவெடிகளெல்லாம் தெருவில் அல்ல, கடற்கரையில்தான் வெடித்தன. அப்படிச் செய்யச் சொல்லி வீடு வீடாகப் போனவர் இவர்தான் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். கேட்டதற்கு, “எனக்கு வேற சோலி இல்லியா?” என்று வள்ளத்துக்குக் கிளம்பிவிட்டார். உண்மையா என்று இன்னும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.