வேர்த்தால் ஒரிஜினல் கோட்டு

கோட்டின் விலையைக் கேட்டதும் எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. இப்படி லேசாக எழுதிவிட்டேன் பாருங்கள். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் 'நெஞ்சு நின்றுவிட்டது' என்கிற பேச்சை யாரும் விளையாட்டுக்குக்கூட எடுப்பதில்லை.

மகளுக்கு டொரன்டோவில் தலைப்பிரசவம், தை மாசம். நானும் என் வீட்டுக்காரரும் கிளம்ப வேண்டும். பம்பாய் செம்பூரில் மார்கழிக் காற்று கொஞ்சம் சில்லென்று அடித்தாலே மங்கி கேப் மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிற மனுஷர் அவர். "இங்க மூச்சு விட்டா மூச்சே உறைஞ்சிரும்மா, கஞ்சத்தனம் பண்ணாம நல்ல கோட்டா வாங்குங்க" என்று மகள் போனில் மிரட்டியிருந்தாள்.

தாராவி மெயின் ரோட்டில், தோல் பைக் கடைகளுக்கு நடுவே எக்ஸ்போர்ட் கோட்டு விற்கிற கடை ஒன்று உண்டு. கடைக்கார பாய் எங்கள் தென்காசிப் பக்கத்துக்காரர். பேச்சிலேயே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். "உக்காருங்க அண்ணாச்சி" என்று ஏசியைக் கூட்டி, டீயும் சொன்னார்.

முதலில் எடுத்துப் போட்டது தலையணை மாதிரி உப்பலாக, காற்றாய்க் கனமே இல்லாமல் இருந்தது. "உள்ள வாத்து இறகு அக்கா" என்றார். வாத்தா! நான் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்ன விலைக்கு ஊரில் ஒரு வாத்துப் பண்ணையே வைத்துவிடலாம். அடுத்தது பாலியஸ்டர், விலை மலிவு. "பாக்கத்தான் குண்டா இருக்கும். அந்த ஊர்க் காத்துல நின்னா வண்டவாளம் தெரியும்" என்று அவரே ஓரமாகத் தள்ளிவிட்டார்.

மூன்றாவதுதான் கம்பளி. கருநீலம், நல்ல கனம். உள்பக்க மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி லைட்டரில் காட்டினார். முடி கருகின நாற்றம் வந்தது. "பாலியஸ்டர்னா உருகி ஒட்டும். இது பாருங்க, சாம்பலா உதிருது."

"இந்தத் துணிக்குள்ள சூடு எங்கேருந்து வரும்?" என்று கேட்டேன்.

"கோட்டு எங்கக்கா சூடு குடுக்கும்? நம்ம ஒடம்புச் சூட்டை வெளிய விடாமப் பிடிச்சு வைக்கும், அம்புட்டுதான்."

சரி, குளிரே இல்லாத பம்பாயில் அதை எப்படிச் சோதிப்பது? போட்டுப் பார்த்து வேர்க்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். வீட்டுக்காரர் கோட்டை மாட்டி, கழுத்துவரை பட்டன் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றார். கொஞ்ச நேரத்தில் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது.

"பாத்தீங்களா, ஏசிக்குள்ளயே வேர்க்குது! ஒரிஜினல் மால், அசல் சரக்கு!" பாய்க்குப் பெருமை தாங்கவில்லை.

"மாப்பிள்ள கணக்கா இருக்கீக" என்று நானும் கைதட்டிச் சிரித்தேன். சிரித்தேனே!

அவர் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பாய் விலையைச் சொன்னார். அப்போதுதான் மேலே சொன்ன மாதிரி எனக்கு நெஞ்சு நின்றது. இனி பேரம் நடக்கும், அரை மணி நேரமாவது ஆகும் என்று நானும் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"சரி பாய், சொன்ன விலைக்கே போடுங்க" என்றார் இவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொத்தமல்லிக் கட்டுக்கே மார்க்கெட்டில் நின்று மல்லுக்கட்டுகிற மனுஷர்! திரும்பிப் பார்த்தேன். கோட்டைக் கழற்றியும் வேர்வை நிற்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது, முகம் சாம்பல் பூத்துவிட்டது. கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது.

"ஐயோ, என்னங்க!"

"ஒண்ணுமில்ல, வாயு. ஒரு சோடா குடிச்சாச் சரியாப் போகும்."

"வாயும் இல்ல கீயும் இல்ல, எந்திரிங்க!" என்று கத்தினேன். பாய் தெருவில் இறங்கி ஓடி ஒரு டாக்ஸியை மறித்தார். ஷட்டரைக்கூட இழுக்காமல் எங்களோடு ஏறிக்கொண்டார். வழியெல்லாம் டிராஃபிக். "ஜல்தி, பையா, ஜல்தி" என்று டிரைவரிடம் கெஞ்சிக்கொண்டே வந்தேன். என் குலதெய்வத்தைத் திட்டாத திட்டில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தால், இதய ரத்தக்குழாயில் அடைப்பு. உடனே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். வேர்வை என்றால் கோட்டு நல்ல கோட்டு என்று கைதட்டினவள் நான்.

வார்டுக்கு மாற்றின அன்று, "குளிருது" என்று முனகினார். ஆஸ்பத்திரிப் போர்வை வேட்டி கனம்கூட இல்லை. கோட்டு என் பைக்குள்தான் இருந்தது. டாக்ஸியில் என் மடியோடு வந்தது, பணமும் கொடுக்கவில்லை, பாயும் கேட்கவில்லை. எடுத்து அவர் மேல் போர்த்தினேன்.

துணியைத் தடவிப் பார்த்தார். "என்ன விலைக்குப் போட்டாரு?"

"நீங்கதான் சொன்ன விலைக்கே போடச் சொன்னீக."

"நானா?" கண்ணை அகல விரித்தார். "எனக்கென்ன புத்தியா கெட்டுப் போச்சு? பாய்க்குப் போனப் போடு. அவரு சொன்னதுல பாதிக்கு மேல ஒரு பைசா தரமாட்டேன்னு சொல்லு."

அதுவரை அழாதவள் அப்போதுதான் ஓவென்று அழுதேன். நர்ஸ் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். பாய்க்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தேன். பேரம் ஆரம்பமானது. கோட்டுக்கு அடியில் கையை விட்டு அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.