கண்ணாடி ஷோகேஸில் ஒரு சைக்கிள் விளக்கு

டிசம்பர் மாதத்தில் இங்கே மாலை ஐந்து மணிக்கே கும்மிருட்டு. பகல் என்று ஒன்று வந்துபோனதா என்றே சந்தேகமாக இருக்கும். பாரிசுக்கு வெளியே, ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் ஒரு சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. அங்கிருந்து வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர், சைக்கிளில்தான் வருவேன். வந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள் இரண்டு போலீஸ்காரர்கள் கைகாட்டி நிறுத்தினார்கள். பிரெஞ்சு நேசனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு காரைக்காலிலிருந்து வந்த மாப்பிள்ளைக்குப் போலீஸ் என்றால் ஒரே அர்த்தம்தான்: பேப்பர். அவர்களில் ஒருவர் "லூமியேர், முஸ்யே, லூமியேர்" என்று சொல்லச் சொல்ல, நான் குடியிருப்பு அட்டையை நீட்டினேன். தலையாட்டினார். மருத்துவ அட்டையை நீட்டினேன். அதற்கும் இல்லையென்று தலையாட்டினார். கல்யாணப் பத்திரத்தின் நகலையே எடுத்துவிட்டேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிற ஒரே பிறவி நானாகத்தான் இருக்கும். கடைசியில் அந்த மனிதர் பொறுமை இழந்து, தன் கைவிளக்கை என் ஹேண்டில்பார்மேல் வைத்துக் காட்டினார். சைக்கிளுக்கு விளக்கு எங்கே என்று கேட்டிருக்கிறார், பாவம். நான் என் வாழ்க்கையையே எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை அபராதம் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

ஊரில் சைக்கிளுக்கு விளக்கு இல்லை என்று யார் நம்மைக் கேட்டார்கள்? என் அண்ணன் கலியமூர்த்திக்குக் குரும்பகரத்தில் வீடு, திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் வேலை. அறை காட்டுவது, சாவி கொடுப்பது, சனிக்கிழமைக் கூட்டத்தைச் சமாளிப்பது எல்லாம் அவர்தான். இருபது நிமிட சைக்கிள் பயணம். வழியில் இருபுறமும் வயல், நடுவே இரண்டு இடத்தில் மட்டும் தெருவிளக்கு; அதிலும் ஒன்று எரிந்தால் மற்றது எரியாது. முன்பு அவர் சைக்கிளில் டைனமோ இருந்தது. அது டயரோடு உரசிக்கொண்டு ஓடும்போது, பின்னால் யாரோ கேரியரைப் பிடித்து இழுப்பதுபோல் மிதி கனக்கும். "நாளெல்லாம் மாடிப்படி ஏறி எறங்குறேன், இதயும் இழுத்துக்கிட்டு எவன் மிதிப்பான்?" என்று அதைக் கழற்றி எறிந்தவர்தான். அதன்பிறகு செல்போனில் டார்ச்சைப் போட்டுச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வருவார். வெளிச்சம் பாதி அவர் மோவாயில் விழும், மீதி வானத்துக்குப் போகும். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். நானும்தான் சிரித்தேன்.

போலீஸ் மறித்த மறுநாளே விளக்கு வாங்கப் போனேன். புதிதாக வந்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கடையில் சுவர் முழுக்க விளக்கு. ஒவ்வொரு பெட்டியிலும் இத்தனை லூமென் வெளிச்சம் என்று எண் போட்டிருக்கும். நம் ஆட்கள் எண் பெரிதாக இருப்பதை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுவோம். கடைப்பெண் பாதி ஆங்கிலத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நீங்கள் பார்ப்பதற்கா, அல்லது உங்களை மற்றவர்கள் பார்ப்பதற்கா? எனக்குச் சுருக்கென்றது. 'என்னை எவன் பார்க்க வேண்டும், நான் என்ன மாப்பிள்ளை ஊர்வலமா போகிறேன்?' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, "வேலை, வேலை, இரவு" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்களைச் சொன்னேன். அவள் சிரிக்காமல் விளக்கினாள். தெருவிளக்கு உள்ள ஊருக்குள் ஓட்டினால் சின்ன விளக்கு போதும், எதிரே வருபவன் உன்னைக் கண்டு ஒதுங்குவான். இருட்டுப் பாதையில் ஓட்டினால் வெளிச்சம் தரையில் பாய் விரித்ததுபோல் அகலமாக விழ வேண்டும், எதிரே வருபவன் கண்ணைக் குத்தக்கூடாது, மழை தாங்க வேண்டும், போய்த் திரும்பும்வரை சார்ஜ் இருக்க வேண்டும். அப்படிப்பட்டது ஒன்று நாற்பது யூரோவுக்கு இருந்தது. எனக்கு அதை எடுத்துக்கொண்டேன். என் உயிர் அல்லவா.

அப்போதே அண்ணன் நினைவு வந்தது. வராமல் இருக்குமா? அந்த வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக இருந்தேன், வெறுங்கையோடு போக முடியாது. கையில் இன்னொரு நாற்பது யூரோவும் இருந்தது. ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் பன்னிரண்டு யூரோ விளக்குகள் குவிந்து கிடந்தன. பெட்டியில் போட்டிருந்த எண் என் நாற்பது யூரோ விளக்கைவிட மூன்று மடங்கு பெரிது. கடைப்பெண் உதட்டைப் பிதுக்கினாள். அந்த எண் பொய், நாற்பது நிமிடத்தில் மங்கிவிடும் என்றாள். ஊரில் யார் எண்ணிக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்று ஒன்றை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பெட்டியின் அடிப்பக்கம் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டினேன். முழுவதும் வரவில்லை. போதும் என்று விட்டுவிட்டேன்.

ஊருக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தபோது அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கூடத்தில் சுவரைப் பார்த்து ஒருமுறை எரியவிட்டார். கார் விளக்குபோல் அடித்தது. "யப்பா! என்னடா இது, சூரியனப் புடிச்சு டப்பாவுல போட்டு எடுத்தாந்துட்டியா?" என்றார். அங்கே நிறுத்தியிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்தவன் வாய் அப்படி நிற்குமா? "எட்டாயிரம் ரூவாண்ணே. நான் வச்சிருக்கிறதும் இதேதான். பாத்துப் பத்திரமா வச்சிக்குங்க. மழையில நனைக்காதீங்க. லாட்ஜ் வாசல்ல சைக்கிள்லயே விட்டுட்டுப் போனீங்கன்னா எவனாவது கழட்டிக்கிட்டுப் போயிடுவான்" என்றேன். எட்டாயிரம் என்று காதில் விழுந்ததும் அண்ணன் பிடித்திருந்த விதமே மாறிவிட்டது. அதுவரை ஒரு கையில் இருந்தது, இரண்டு கைக்குப் போனது.

நம் வீடுகளின் கண்ணாடி ஷோகேஸைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரைக்காலில் பிரான்சுக்கோ வளைகுடாவுக்கோ ஒரு ஆளை அனுப்பிய எந்த வீட்டிலும் அது இருக்கும். தீர்ந்துபோன சென்ட் பாட்டில், காலி சாக்லேட் டப்பா, ஒருவரும் சவரம் செய்துகொள்ளாத ரேசர், உறை பிரிக்காத டீ கப். அனுப்பியவன் அதை அனுபவிக்கத்தான் அனுப்புகிறான். வாங்கியவர்களோ அதை வந்து போகிறவர்களுக்குக் காட்டத்தான் வைத்திருக்கிறார்கள். அனுபவித்தால் தீர்ந்துவிடும், தீர்ந்துவிட்டால் அனுப்பியவன் மேல் மரியாதை இல்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். நானே சின்ன வயதில் அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்ததற்கு அடிவாங்கியவன்.

திரும்பி வந்த பிறகு ஞாயிறுதோறும் போன் பேசுவேன். "லைட்டு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்காமல் வைக்க மாட்டேன். அக்கறை இல்லை ஐயா, பாராட்டு வாங்குகிற பசி. "பிரமாதமா இருக்குடா" என்பார். "வர்றவன் போறவன்லாம் கேக்குறான்" என்பார். சைக்கிளில் மாட்டியிருக்கிறீர்களா என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. சலவைக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். நாற்பது யூரோ விளக்கு எனக்கு முன்னால் பாயை விரித்துக்கொண்டே போனது. எதிரே வந்த கார்கள் என்னைக் கண்டு மரியாதையாக வேகம் குறைத்தன. போன் அடித்தது. அண்ணி மலர்க்கொடி. அழுகையில் பாதி புரியவில்லை. லாட்ஜில் கூட்டம், அண்ணன் நாளெல்லாம் போனில் அறை கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அதில் சார்ஜ் போய்விட்டது. டார்ச் இல்லாமலே கிளம்பியிருக்கிறார். பக்தர்களை ஏற்றிக்கொண்டு எதிரே வந்த ஒரு வேன், முன்னால் போன வண்டியை முந்துவதற்காக வலப்பக்கம் ஏறியிருக்கிறது. "சத்தியமா சைக்கிள் வந்ததே தெரியலங்க" என்று அந்த டிரைவர் தலையில் அடித்துக்கொண்டானாம். வலது கால், முழங்காலுக்குக் கீழே கூழ். உயிருக்கு ஆபத்தில்லை, காலை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணி, லைட்டு? அந்த லைட்டு என்னாச்சு?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. போட்டிருந்தாரா என்று கேட்க நினைத்தேன், கடவுள் சாட்சியாக அதைத்தான் கேட்க நினைத்தேன்.

அந்தப் பக்கம் அழுகை நின்றுவிட்டது. "லைட்டுக்கு ஒண்ணும் ஆவலங்க தம்பி. ஷோகேஸ்ல பத்திரமா இருக்கு. நீங்க கவலப்படாதீங்க."

சைக்கிளை விட்டு இறங்கி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். விளக்கை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. குரும்பகரத்துக்கும் திருநள்ளாற்றுக்கும் இருபது நிமிடம். மட்டமான விளக்கு, பொய் எண், நாற்பது நிமிடத்தில் மங்கிவிடும், இருக்கட்டுமே! அந்த இருபது நிமிடத்துக்கு அந்தப் பன்னிரண்டு யூரோ சனியனே போதுமே. பன்னிரண்டு என்று சொல்லியிருந்தால் அண்ணன் அன்றைக்கே அதை ஹேண்டில்பாரில் மாட்டி, மழையில் நனைத்து, சேற்றில் போட்டு, ஆசை தீர ஓட்டியிருப்பார். எட்டாயிரம் என்று சொன்னேன். ஷோகேஸுக்குள் போய்விட்டது.

லீவு கிடைக்க மூன்று மாதம் ஆனது. போனபோது அண்ணன் கூடத்தில் நாற்காலியில் இருந்தார், ஒற்றைக்கால் லுங்கிக்குள். நலம் விசாரிக்கப் பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தார். நான் பையை வைப்பதற்குள் அண்ணன், "அந்த ஷோகேஸத் தொற, அந்த லைட்ட எடு. அவருக்குக் காட்டு" என்றார். விளக்கின் கண்ணாடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட எடுக்கவில்லை. "எட்டாயிரம் ரூவா சாமான். இவன் அங்க ஓட்டுறான் பாருங்க, அதே லைட்டு. எனக்கும் வாங்கியாந்தான். கூடப் பொறந்தவன்னா இப்புடி இருக்கணும்." பக்கத்து வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அண்ணன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விளக்கை ஷோகேஸில் வைத்துவிட்டுப் போனார்.

இதற்குமேல் தாங்காது என்று அடுப்படிக்குப் போனேன். அண்ணி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். "அண்ணி, அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த லைட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"பன்னண்டு யூரோ" என்றார் அண்ணி, தலை நிமிராமல்.

எங்கள் ஊரில் யூரோ தெரியாத கோழிக்குஞ்சுகூடக் கிடையாது என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

"பொட்டி அடியில சீட்டு பாதி ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நீங்க குடுத்த அன்னிக்கே பாத்துட்டேன்."

"அப்பறம் ஏன் அண்ணி அவர்கிட்ட சொல்லல? சொல்லியிருந்தா மாட்டிக்கிட்டுப் போயிருப்பாரே!"

அப்போதுதான் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது, வெங்காயமா, நானா தெரியாது. "மாட்டிக்கிட்டுத்தான் போயிருப்பாரு. நீங்க பொய் சொன்னதும் தெரிஞ்சிருக்கும். தம்பி நம்மள இம்புட்டுக்குத்தான் மதிக்கிறான்னு அந்த மனுசனுக்கு ஒரு ராத்திரி தூக்கம் போயிருக்கும். வேணாம்னு வாய மூடிக்கிட்டேன். ஒங்க மானம் தப்பிச்சிச்சு. அவரு காலு போச்சு." கத்தியைக் கீழே வைத்தார். "இனிமே நல்லவரு ஆவணும்னு அவருகிட்ட போயி ஒளறி வச்சிடாதீங்க. காலு போனதுக்கு மதிப்பா அந்தாளுகிட்ட அந்த எட்டாயிரம்தான் இருக்கு. அதயும் புடுங்கிடாதீங்க."

நான் சொல்லவில்லை. கோழை என்று சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

கிளம்புகிற அன்று காலையில் அண்ணன் அந்தப் பெட்டியை என் மடியில் வைத்தார். "இனிமே நான் எங்க சைக்கிள் மிதிக்கப் போறேன்? வெல ஒசந்த சாமான், சும்மா கெடக்குது. நீ எடுத்துட்டுப் போடா. ஒன்னுது ரிப்பேரு ஆனா ஒதவும்." வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டார். அண்ணி வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போதும் மாலை ஐந்து மணிக்கு இங்கே இருட்டுகிறது. நாற்பது யூரோ விளக்கோடுதான் வேலைக்குப் போய் வருகிறேன். போலீஸ்காரர்கள் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். ஞாயிறு வந்தால் போன் வருகிறது. இப்போது அண்ணன்தான் கேட்கிறார். "லைட்டு எப்படிடா இருக்கு?"

"பிரமாதமா இருக்குண்ணே" என்கிறேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில், என் மனைவி கண்ணாடிக் கோப்பைகள் அடுக்கியிருக்கும் அலமாரியில், மேல்தட்டில் அது இருக்கிறது. பிளாஸ்டிக் தாளை நானும் எடுக்கவில்லை.